கோரைத்திட்டுக்கு எந்த மாசம் போகலாம்

புதிதாக வந்த ஏஈ கேட்டார்,
தடா ஆபீசில், ஃபேனுக்குக் கீழே, தெலுங்கில்:
"பெஞ்சலய்யா, பிள்ளைகளை அந்தத் தீவுக்குக் கூட்டிப்போகணும்.
எந்த மாசம் நல்லது?"

பதினாறு வருஷமாய்
இரண்டு மாசத்துக்கு ஒருமுறை
அங்கே மீட்டர் பார்க்கப் போகிறவன் நான்.
நூற்றுப் பன்னிரண்டு இணைப்பு.
பில் தெலுங்கில் அச்சாகும்,
திட்டு தமிழில் விழும்,
எண்கள் மட்டும் இரண்டுக்கும் பொது.

தையில் போங்க சார் என்றேன்.
எல்லோரும் சொல்வதுதான்.
பூநாரை வந்திருக்கும்.
ஏரியில் இடுப்பளவு தண்ணீர், படகு தரை தட்டாது.
பத்து மணிவரை வெயில் சொன்னபடி கேட்கும்.
தூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரியும்,
பிள்ளைகள் அதைக் கரை என்று நினைக்கும்.
அப்புறம் அந்தக் கரை எழுந்து பறக்கும்.

டைரியில் குறித்துக்கொண்டார்.

ஐப்பசியில் போனால்
திரும்பி வருவது நம் கையில் இல்லை என்பதை
நான் சொல்லவில்லை.
ஒருமுறை மூன்று நாள் மாட்டிக்கொண்டேன்,
பள்ளிக்கூட வராந்தாவில்,
பில் மெஷினைப் பாலிதீன் பையில் சுற்றி
வயிற்றோடு அணைத்துக்கொண்டு.
மூன்று வேளையும் மடவைக் குழம்பு.
கரண்ட் போன ஊரில் கரண்ட்காரன் விருந்தாளி.
அந்தத் தடவை மட்டும் யாரும் என்னைத் திட்டவில்லை.

சித்திரையில் ஏரி பின்வாங்கிவிடும்.
ஏகாம்பரம் மோட்டாரை நிறுத்திவிட்டு
"இறங்கு" என்பான்.
செருப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
எங்களைச் சுமக்க வேண்டிய படகை
நாங்கள் தள்ளிக்கொண்டு போவோம்.
உப்புப் பூத்த தரை கண்ணைக் குத்தும்.

ஆனி அதைவிட மோசம்.
பறவை ஒன்றும் இருக்காது.
கச்சான் வீசும்,
செத்த மீனின் நாற்றத்தை
வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

வடக்குத் தெருவில் ஒரு வீடு,
வரிசை எண் எழுபத்தொன்பது.
எட்டு பில்லாய்
நாலாயிரத்து நூற்று இருபத்தேழு.
மினிமம் சார்ஜை யாரோ எங்கிருந்தோ
போனில் கட்டிவிடுவார்கள்.
போன ஆனியில் பழைய எண்ணையே அழுத்தப் போனேன்.
விரல் நின்றது.
நாலாயிரத்து நூற்று முப்பத்தாறு.

பூட்டு அதே பூட்டு.
எண்ணெய் விட்டிருந்தது.

ஒன்பது யூனிட்.
இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி:
ஒரு ஃபேன், ஒரு பல்பு, பத்துப் பன்னிரண்டு நாள்.
டிவி இல்லை. ஃபிரிஜ் இல்லை.
அயர்ன்பாக்ஸ் ஒரு தடவை இருக்கலாம்,
கிளம்பிய அன்று.

பக்கத்து வீட்டுத் தனகோட்டி
நண்டுவலையில் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னாள்:
"மேகலா வந்துச்சு.
ஸ்ரீசிட்டியில கம்பெனி வேலை, நைட் ஷிப்ட்.
இந்த நாத்தத்துல ஏண்டி வந்தேன்னு கேட்டேன்.
இப்பத்தான் யாரும் வரமாட்டாங்கன்னுச்சு.
பதினோரு நாளும் தூங்குச்சு.
பொழுது சாஞ்சா மட்டும் எழுந்து,
தண்ணி இருந்த எடம் வரைக்கும்
நடந்துட்டு வரும்."

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்க
வாயெடுத்தேன்.
மெஷின் பில்லைத் துப்பியது.
கதவிடுக்கில் செருகிவிட்டு
எண்பதுக்கு நகர்ந்தேன்.
எண்பதில் வழக்கம்போல் சண்டை.

ஏஈ தையில் போய்வந்தார்.
போட்டோ காட்டினார்.
அவர் பையன், பின்னால் இளஞ்சிவப்புக் கோடு,
கோட்டுக்கும் பையனுக்கும் நடுவில்
தொப்பி போட்ட ஒன்பது பேர்.
"நீ சொன்னது சரிதான்,
ஆனா சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.
ஆமாம் சார் என்றேன்.

வருகிற வாரம் ஆனி பிறக்கிறது.
ஏகாம்பரத்துக்குச் சொல்லிவிட்டேன்,
சேறானாலும் பரவாயில்லை, விடிகாலையில் கிளம்பலாம் என்று.
ரூட் புத்தகத்தில்
பென்சிலால் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன்:
இந்தத் தடவை வடக்குத் தெரு கடைசியில்,
பொழுது சாய.